கிழக்குப் பாலக்காட்டு வண்ணமீன் கடைக்காரர்களுக்கும் வளர்ப்போருக்கும் ஒரு திறந்த மடல்

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் வட்டாரங்களில் வண்ணமீன் விற்கும் கடைக்காரர்களுக்கும், வீட்டில் தொட்டி வைத்து, ஏஞ்சல், டிஸ்கஸ் போன்றவை சேர்ந்த சிக்லிட் குடும்பத்து மீன்களைக் குஞ்சு பொரிக்க வைக்க விரும்பும் அன்பர்களுக்கும் வணக்கம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியில் உள்ள ஒரு கடையில் "பக்கா ஜோடி" என்று சொல்லித் தரப்பட்ட இரண்டு ஏஞ்சல் மீன்களை வாங்கி வந்தேன். இரண்டே வாரத்தில் அவை தொட்டியிலிருந்த பில்டர் குழாயை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்து, மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக முட்டைகளை ஒட்டவைத்தன. வீட்டில் எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தோம். இரண்டாம் நாள் காலையில் ஒரு முட்டைகூட மிச்சமில்லாமல் அத்தனையும் சுண்ணாம்புப் பொட்டுப் போல வெளுத்து, பஞ்சு போன்ற பூஞ்சை மூடிக் கிடந்தது. ஐந்து முறை இப்படியே நடந்தது. ஆறாம் முறை, முட்டையிடும் வேளையில் விளக்கைப் பிடித்து வயிற்றடியை உற்றுப் பார்த்தபோதுதான், இரண்டுக்குமே இனப்பெருக்கக் குழல் தடித்து மழுங்கி இருப்பது தெரிந்தது. ஆணுக்கு அது மெலிந்து கூராக இருக்கும். ஆண் கிடைக்காதபோது இரண்டு பெண் ஏஞ்சல்கள் சேர்ந்து இடம் பிடித்து முட்டையிடுவது உண்டு என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

அந்தக் கடைக்காரர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நான் கருதவில்லை. இரண்டு மீன்கள் ஒன்றாகத் திரிவதைப் பார்த்து ஜோடி என்று நினைத்திருப்பார். ஆனால் ஏஞ்சலைப் போல ஆணும் பெண்ணும் சேர்ந்து குஞ்சு காக்கும் இனங்களில் ஜோடி என்பது நாம் சேர்த்து வைப்பதல்ல. அவை தாமாகத் தேர்ந்துகொள்வது. ஆகவே ஒரு முறையேனும் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்த மீன்களைத் தவிர வேறெதையும் ஜோடி என்று சொல்லி விற்க வேண்டாம் என்பது என் முதல் வேண்டுகோள். அதற்குப் பதிலாக ஒரே வயதுள்ள ஆறு அல்லது எட்டுக் குஞ்சுகளைச் சேர்த்து வாங்கச் சொல்லுங்கள். அவை வளர்ந்து, இரண்டு மீன்கள் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டத் தொடங்கும்போது, அந்த இரண்டையும் தொட்டியில் விட்டுவிட்டு மற்றவற்றைக் கடையே திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால் வாங்குபவருக்கும் நட்டமில்லை, கடைக்கும் பெயர் கெடாது.

இதைவிடப் பெரிய விஷயம் தண்ணீர். சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி மழை குறைந்த பக்கம். இங்கே பல வீடுகளில் ஆழ்குழாய்த் தண்ணீரில் பருப்பு வேகாது. காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். நம் வீட்டுப் பெண்கள் "உப்புத் தண்ணி" என்று ஒதுக்கும் இந்தக் கடினநீரில், அமேசான் படுகையின் மென்மையான, சற்றே அமிலத்தன்மை கொண்ட நீரில் பிறந்து வளர்ந்த டிஸ்கஸ் மீனை விட்டுக் குஞ்சு எதிர்பார்ப்பது வீண் செலவு; மீன் உயிரோடு இருக்கலாம், முட்டை பொரிவதுதான் கடினம். ஆனால் இதே தண்ணீர் ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிக்கா ஏரிகளின் சிக்லிட்களுக்கு ஏறக்குறைய ஊர்த் தண்ணீர். நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.ஹெச் அளவு அந்த ஏரிகளில் 8-ஐ ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கும். ஆழ்குழாயிலிருந்து எடுத்தவுடன் அளந்தால் கரியமில வாயு கரைந்திருப்பதால் பி.ஹெச் குறைவாகக் காட்டும். ஒரு வாளியில் பிடித்து, ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வைத்த பிறகு அளந்தால்தான் உண்மை தெரியும். என் வீட்டுத் தண்ணீர் அப்படி அளந்தபோது 8.1 இருந்தது. ஏஞ்சலும் அமேசான் பக்கத்து மீன் என்பதால் அன்றோடு அந்த ஆசையை விட்டேன்.

இடம் குறைவாக உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது டாங்கனிக்கா ஏரியின் மல்ட்டிஃபேசியேட்டஸ். சிக்லிட்களிலேயே மிகச் சிறியவற்றுள் ஒன்று. ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டாது. நத்தை ஓட்டுக்குள் குடியிருந்து அதற்குள்ளேயே முட்டையிடும். 60 சென்டிமீட்டர் நீளமும் 30 அகலமும் 30 உயரமும் கொண்ட, 54 லிட்டர் கொள்ளும் தொட்டியில் மணலைக் கனமாகப் பரப்பி, நம் வயல் நத்தையின் காலி ஓடுகளைக் கொதிக்க வைத்துக் கழுவி, மீனுக்கு இரண்டு ஓடாவது கிடைக்கும்படி போட்டால் போதும். ஒரு மீன் தன் ஓட்டைச் சுற்றியுள்ள மணலை வாய் வாயாக அள்ளித் துப்பி, வாசல் மட்டும் தெரியும்படி புதைத்துக்கொள்வதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

மலாவி மீன்களில் யெல்லோ லேப் என்ற மஞ்சள் சிக்லிட் சாதுவானது. ஆனாலும் அதற்கு 120 சென்டிமீட்டர் நீளத் தொட்டி வேண்டும், ஓர் ஆணுக்கு மூன்று அல்லது நான்கு பெண்கள் வேண்டும், பெண் ஒளிந்துகொள்ளக் கற்குவியல் வேண்டும். மணலைத் தோண்டும் பழக்கம் இருப்பதால் கற்களை மணல்மேல் வைக்காமல் தொட்டியின் அடித்தளத்திலேயே முதலில் அடுக்க வேண்டும். தாய் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்து ஏறத்தாழ மூன்று வாரம் காக்கும். அந்த நாட்களில் தீனியைத் தொடாது. தாடை உப்பி, வாயை அசைத்து அசைத்து முட்டைகளைப் புரட்டிக்கொண்டு, கல்லிடுக்கில் தனியே நிற்கும். அப்போது வலையை விட்டுக் கலைத்தால் முட்டைகளைத் துப்பிவிடும். ஆகவே மாற்றுவதென்றால் விளக்கணைத்த பிறகு, நிதானமாக மாற்றுங்கள்.

பி.ஹெச் உயர்ந்த நம் கடினநீரில் ஓர் ஆபத்தும் உண்டு. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவில் நஞ்சாக வேலை செய்யும் பங்கு, 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பி.ஹெச் 7 இருக்கும்போது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. 8 ஆகும்போது அது நூற்றில் ஐந்தைத் தாண்டுகிறது. புதுத் தொட்டியில் கழிவை மாற்றும் நுண்ணுயிரிகள் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தொட்டியும் மீனும் ஒரே நாளில் ஒரே பில்லில் போனால், நம் தண்ணீரில் அந்த மீன் பிழைப்பது அரிது. தொட்டியை முதலில் விற்றுவிட்டு, ஒரு மாதம் கழித்து வரச் சொல்லும் கடைக்காரரை ஊர் மறக்காது. பங்குனி, சித்திரை வெயிலில் ஹீட்டருக்கு வேலையில்லை. நீர்ப்பரப்பின் மேல் காற்றடிக்க ஒரு சின்ன மின்விசிறிதான் வேண்டும்.

பீகாக் என்று விற்கப்படும் மலாவி மீன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்களின் நிறம் இனத்துக்கு இனம் மாறும். பெண்களோ பெரும்பாலும் ஒரே பழுப்பு நிறம். பல இனங்களை ஒரே தொட்டியில் கொட்டி வைத்தால் அவை கலந்துவிடும். பிறக்கும் குஞ்சுக்கு எந்தப் பெயரும் பொருந்தாது. கலப்பு மீனைக் கலப்பு என்று சொல்லி விற்பதில் தவறில்லை. தூய இனம் என்று சொல்லிக் கொடுப்பதுதான் அடுத்து வளர்ப்பவரின் பல வருட உழைப்பைக் கெடுக்கிறது. தொட்டியின் மேல் இனத்தின் பெயரையும் எங்கிருந்து வந்தது என்பதையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள்.

மிஞ்சும் குஞ்சுகளை வாய்க்காலில் விடும் வழக்கத்தை மட்டும் அடியோடு நிறுத்த வேண்டும். சித்தூர்ப்புழையின் மூலத்தறைத் தடுப்பணையிலிருந்து பிரியும் கால்வாய்கள் நம் வயல்களுக்கும் குளங்களுக்கும் போகின்றன. சித்தூர்ப்புழை பாரதப்புழையில் சேர்கிறது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி மீனும் ஒரு சிக்லிட்தான். அது இன்று எந்தக் குளத்தில் இல்லை? 2018 வெள்ளத்துக்குப் பின் கேரளத்து ஆறுகளில் அரபைமா போன்ற அயல்நாட்டு மீன்கள் வலையில் சிக்கியதை நாம் எல்லோரும் செய்தியில் பார்த்தோம். கான்விக்ட் சிக்லிட் ஒரு முறை முட்டையிட்டால் நூற்றுக்கும் மேல் குஞ்சு தரும். அத்தனைக்கும் இடம் எங்கே என்ற கேள்விக்கு விடை இல்லாதவருக்கு அந்த ஜோடியை விற்காதீர்கள்.

இந்தியாவில் இயற்கையாகவே வாழும் சிக்லிட்கள் மூன்றே மூன்று. கேரளத்தின் மாநில மீனான கரிமீன் அதில் ஒன்று; மலையாளத்தில் பள்ளத்தி என்று சொல்லும் மஞ்சள் மீன் மற்றொன்று. உள்ளங்கைக்குள் அடங்கும் பள்ளத்திக்கு நம் கடினநீர் நன்றாக ஒத்துப்போகிறது. தாயும் தந்தையும் மாறி மாறி முட்டைக்கு விசிறிவிடுவதும், குஞ்சுகள் பெற்றோரின் உடல்மேல் கசியும் வழுவழுப்பைக் கொத்தித் தின்பதும், டிஸ்கஸுக்குப் பல ஆயிரம் கொடுத்து நாம் தேடும் அதே காட்சிதான். நம் கடைகளில் இந்த மீனுக்கு ஒரு தொட்டி ஒதுக்குங்கள்.

என்னிடம் இப்போது இரண்டு மாதப் பள்ளத்திக் குஞ்சுகள் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. வேண்டுவோருக்கு ஆறு ஆறாகத் தருகிறேன், விலை வேண்டாம். வரும்போது உங்கள் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, ஒரு நாள் காற்றேற்றிக் கொண்டுவாருங்கள். அளந்து பார்த்துவிட்டு மீனைப் பிடிக்கலாம்.

இங்ஙனம்,
கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் சிக்லிட் வளர்க்கும் உங்களில் ஒருவன்