கேட்டையோடு பிறந்தவை

அன்பு மகள் செல்விக்கு,

நலம்தானே? மெல்பேர்னில் குளிர் தொடங்கியிருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள். "கேட்டையும் பக்கத்து விண்மீன்களும் எல்லாம் ஒன்றாகப் பிறந்தவை என்று எப்படிப்பா சொல்கிறார்கள்?" என்று கேட்டாயே. போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஜூலையில் இரவு ஒன்பது மணிவாக்கில் அண்ணாந்து பார். உங்கள் ஊரில் விருச்சிகம் ஏறக்குறைய உச்சியில் நிற்கும். சிவப்பாகத் தெரிவது கேட்டை. பக்கத்தில் வரிசையாக அனுஷம். இவை எல்லாம் ஒரே பெரிய கூட்டத்தைச் சேர்ந்தவை. வயது 2 கோடி ஆண்டுக்குள்தான். சூரியனுக்கு 460 கோடி.

இப்படிக் கலைந்து கிடக்கும் கூட்டங்களைப் பற்றி 1947-இல் ஆர்மீனிய வானியலாளர் அம்பார்த்சுமியான் ஒன்று சொன்னார்: இவை ஈர்ப்பால் கட்டுண்டவை அல்ல, பிறந்து சிதறிக்கொண்டிருப்பவை. அதனால், எல்லாம் ஒரு சிறிய இடத்தில் நெருக்கமாகப் பிறந்து பிறகு விலகின என்று பலரும் நினைத்தார்கள். சோதித்துப் பார்க்கத் துல்லியமான அளவு வேண்டுமே! 2013-இல் ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய கையா விண்கலம் அதைக் கொடுத்தது. ஒரு விண்மீன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, வானத்தில் ஆண்டுக்கு எவ்வளவு நகர்கிறது என்று கையா அளந்தது. நம்மை நோக்கி வருகிறதா, விலகுகிறதா என்பதை அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கும் நிறமாலை சொல்லிவிடும். எல்லாவற்றையும் சேர்த்தால் அது போகும் திசையும் வேகமும் கிடைத்துவிடும். அப்புறம் காலத்தைப் பின்னோக்கி ஓட்ட வேண்டியதுதான்.

கணக்கை நீயே போட்டுப் பார். வினாடிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 10 லட்சம் ஆண்டில் சுமார் 3 ஒளி ஆண்டு தூரம். 1 கோடி ஆண்டில் 33. அந்த விருச்சிகக் கூட்டத்துக்குள் விண்மீன்களின் வேக வித்தியாசம் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் கூட்டமோ பல நூறு ஒளி ஆண்டு பரந்து கிடக்கிறது. ஒரே புள்ளியிலிருந்து கிளம்பியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்கவே முடியாது! தனித்தனிக் குழுக்களாக, வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு காலத்தில் பிறந்திருக்கின்றன. இப்போது முப்பதுக்கும் மேற்பட்ட சிறு குழுக்களைப் பிரித்துக் காட்டிவிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல்தான். தேளின் வாலுக்கு அந்தப் பக்கம், கொரோனா ஆஸ்திராலிஸ் என்ற விண்மீன் மண்டலத்தின் திசையில், இந்தக் குழுக்கள் சங்கிலிபோல நீள்கின்றன. நடுவிலிருந்து தள்ளிப் போகப் போக வயது குறைகிறது, விலகும் வேகம் கூடுகிறது. முன்பு பிறந்த பெரிய விண்மீன்களிலிருந்து வீசும் துகள் காற்றும் அவற்றின் வெடிப்பும் மீதி வாயுவைத் தள்ளிக்கொண்டே போக, தள்ளப்பட்ட வாயுவில் அடுத்த குழு பிறக்கிறது. வாயுவுக்குக் கிடைத்த வேகம் குழந்தை விண்மீன்களுக்கும் வந்துவிடுகிறது. அந்த வேகத்தைத்தான் இன்றைக்கு அளக்கிறோம்.

அதற்காக அம்பார்த்சுமியான் சொன்னது பொய்த்துவிட்டது என்று நினைக்காதே. 2019-இல் 28 இளம் விண்மீன் கொத்துகளை ஆராய்ந்தார்கள். குறைந்தது முக்கால்வாசி விரிந்துகொண்டுதான் இருக்கின்றன.

அந்தச் சங்கிலியை ஒரு தாளில் வரைந்து, வயதுகளைக் குறித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அம்மாவும் உன்னிடம் ஏதோ கேட்க வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா