கலங்கல் வழிந்தால் அது செய்தியா? தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: சமுதாய வானொலிப் பிரிவு, தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், புது தில்லி

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். அந்தந்த ஊர் மக்களுக்காக நடக்கும் சிறிய நிலையமான சமுதாய வானொலி செய்தி வாசிக்கக் கூடாது, வேண்டுமானால் ஆகாசவாணியின் செய்தியை ஓர் எழுத்து மாறாமல் மறுஒலிபரப்பு செய்துகொள்ளலாம் என்ற விதி நீங்கள் எழுதியதுதான். இயற்கைப் பேரிடர் அறிவிப்புகளுக்கு அதில் விலக்கும் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் அவற்றை உள்ளூர் நிர்வாகம் கொடுத்தால்தான் சொல்ல வேண்டும். இந்த நிபந்தனையை நீக்குங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, தாம்பரத்துக்குத் தெற்கே உள்ள எங்கள் நிலையம் ஜெனரேட்டரில் ஓடியது. ஊரில் மின்சாரம் இல்லை. பேட்டரி ரேடியோ வைத்திருந்த வீடுகளில் எங்கள் குரல் மட்டும் கேட்டது. டவர் கிடைத்தவர்கள் கூப்பிட்டார்கள். கிடைக்காதவர்கள் முழங்கால் தண்ணீரில் நடந்தே வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி: "ஏரி உடைஞ்சிருச்சாமே, நிஜமா?"

உடையவில்லை. எங்கள் பையன்கள் இரண்டு பேர் கரைமேல் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். கரை உறுதியாக இருந்தது. ஏரி நிரம்பினால் உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழிந்துகொண்டிருந்தது, அந்தத் தண்ணீர் எந்தெந்தத் தெருவுக்குப் போகும் என்பது இந்த ஊரில் பிறந்த எவருக்கும் தெரியும். ஆனால் அதை மைக்கில் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தோம். ஒருவழியாக எடுத்தவர், "மேல கேட்டுட்டுச் சொல்றோம்" என்றார். அறிவிப்பு சாயங்காலம் வந்தது. தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும் என்று வாசித்தோம். அதற்குள் தாழ்வான பகுதி மக்களின் கட்டில் காலெல்லாம் நனைந்திருந்தது.

அதுவரை நாங்கள் என்ன செய்தோம்? பாட்டுப் போட்டோம். அதற்குத் தடையில்லை. வானிலை சொல்லவும் தடையில்லை. மழை வானத்தில் இருக்கும்வரை அது வானிலை. ஏரியில் விழுந்து, கலங்கல் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டால் செய்தி! ஏரி உடைந்தது என்று வாட்ஸ்ஆப்பில் பரப்பியவர்களுக்கு எந்த உரிமமும் தேவைப்படவில்லை. உடையவில்லை என்று சொல்ல, உரிமம் வைத்திருக்கிற எங்களால் முடியவில்லை.

இதில் பிழைப்புப் பிரச்சினையும் இருக்கிறது. எங்கள் ஒலிபரப்புச் சக்தி 100 வாட், கம்பம் 30 மீட்டர் உயரம். நகரத்துத் தனியார் எஃப்.எம்.கள் பல கிலோவாட் சக்தியில் எங்கள் வீட்டுச் சமையலறை வரைக்கும் துல்லியமாகக் கேட்கின்றன. சினிமாப் பாட்டில் அவர்களோடு போட்டி போட முடியாது, போடவும் வேண்டாம். தி.நகர் நகைக்கடைக்கு நாங்கள் தேவையில்லை. எங்கள் ஊர் மளிகைக்கடைக்கு அவர்கள் விலை கட்டுப்படியாகாது. மணிக்கு 7 நிமிடமாக இருந்த விளம்பர நேரத்தை 12 ஆக்கினீர்கள், அரசு விளம்பரத்துக்குப் பத்து நொடிக்கு 52 ரூபாயை 74 ஆக்கினீர்கள். நன்றி. ஆனால் கேட்க ஆள் இருந்தால்தானே மளிகைக்கடைக்காரர் விளம்பரம் தருவார்? நகரத்து நிலையங்களுக்குக் கத்திப்பாரா நெரிசல் தெரியும். எங்கள் ரேஷன் கடை இன்று திறந்திருக்கிறதா என்று தெரியாது. எங்களிடம் இருக்கிற ஒரே சரக்கு உள்ளூர் விஷயம்தான். அதைத்தான் விற்கக் கூடாது என்கிறீர்கள்.

அலைவரிசை பொதுமக்கள் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. தனியார் எஃப்.எம்.களை மணிக்குப் பத்து நிமிடம் செய்தி வாசிக்க விடலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023 செப்டம்பரில் பரிந்துரைத்தது. அப்படி ஒரு கதவு திறந்தால் அங்கேயும் பெரியவர்கள் முதலில் போய்விடுவார்கள், நாங்கள் வாசலில் நிற்போம். பஞ்சாயத்துக் கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்பதைக்கூட டீக்கடையில்தான் கேட்க வேண்டும், வானொலியில் முடியாது என்பது... சரி, கோபத்தில் எங்கோ போகிறேன். மன்னிக்க வேண்டும்.

எல்லாச் செய்தியையும் திறந்துவிடுங்கள் என்று இன்று கேட்கவில்லை. வெள்ளம், மின்தடை, குடிநீர், தொற்றுநோய் ஆகியவற்றில் எங்கள் ஆட்கள் நேரில் பார்த்து உறுதிசெய்ததை, நிர்வாகத்தின் அறிவிப்புக்குக் காத்திராமல் சொல்ல அனுமதியுங்கள். தவறாகச் சொன்னால் நடவடிக்கை எடுங்கள். ஒலிப்பதிவு எங்களிடம் இருக்கும், கேட்டால் தருவோம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்குள் ஒரு சுற்றறிக்கையாவது அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
புறநகர்ச் சமுதாய வானொலி ஒன்றின் தன்னார்வ அறிவிப்பாளர்