காளான் பீப்பாயும் கிணற்று நீரும்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பார்ந்த பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். பாடசாலைக் குசினிக்குப் பின்னால் இரண்டு நீலப் பீப்பாய்கள் வந்து நின்றதிலிருந்து ஊரில் ஒரு கதை உலாவுகிறது. அழுக்குத் தண்ணீரில் காளான் வளர்த்து, அதையே பிள்ளைகளின் காலை உணவில் கறியாக்கப் போகிறோமாம். இன்னொரு கதை இதற்கு நேர்மாறானது. அந்தப் பீப்பாயிலிருந்து வடியும் தண்ணீரைக் குடிக்கலாமாம். முதற்கதையைக் கேட்டுச் சிரித்தேன். இரண்டாவதைக் கேட்டபோது சிரிப்பு வரவில்லை. ஆகவேதான் இந்தக் கடிதம்.

காலை உணவு சமைக்கும் தாய்மார் சட்டி பானை கழுவும் நீரும், பிள்ளைகள் கைகழுவும் நீரும் இதுவரை பின்வேலி ஓரமாக ஓடி மணலில் இறங்கின. பருப்பும் எண்ணெயும் கஞ்சியும் கலந்த அந்த நீர் தேங்கினால் எப்படி மணக்கும் என்பதை வேலிக்கு அப்பால் குடியிருப்பவர்கள் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள், சில வேளைகளில் மிகவும் உரத்த குரலில். அந்த நீரைச் சிப்பிக்காளானின் இழைகள் படர்ந்த மரச்சீவல், வைக்கோல் படுக்கையினூடாக வடியவிட்டு, அது எவ்வளவு தெளிகிறது என்று பார்ப்பதே தரம் 10 மாணவர்களின் விஞ்ஞானச் செயற்றிட்டம். மலசலகூடக் கழிவு ஒரு துளியும் இதில் சேராது.

காளான் எப்படித் தண்ணீரைச் சுத்தமாக்கும் என்று பலர் கேட்கிறீர்கள். நாம் காளான் என்று பறிப்பது அந்த உயிரியின் பூவைப் போன்ற பகுதி மட்டுமே. அதன் உடல் வெள்ளை நூல்களாக மரத்துக்குள் பரவிக் கிடக்கிறது. நாம் உண்ட பின் செரிக்கிறோம். காளான் சேர்ந்த பங்கசு (பூஞ்சை) இனமோ செரித்த பின் உண்கிறது. நொதியங்களைத் தன் உடலுக்கு வெளியே சுரந்து, எதிரிலிருப்பதைச் சிறு கூறுகளாக உடைத்து, பிறகு உறிஞ்சிக்கொள்கிறது. மரத்துக்கு உறுதி தரும் லிக்னினை உடைக்கக்கூடிய உயிரிகள் உலகில் மிகச் சில. சிப்பிக்காளான் அவற்றில் ஒன்று. லிக்னினை உடைக்கும் நொதியங்கள் குறிப்பான ஒரு பொருளை மட்டும் தேடுவதில்லை. அதனால் சில சாயங்களும் சில மருந்து எச்சங்களும்கூட அவற்றிடம் சிதைகின்றன. மருதமுனைக் கைத்தறி பற்றி அறிந்த நமக்கு, சாயம் தோய்த்த நீரைப் பங்கசு நிறமிழக்கச் செய்யும் என்பது ஆர்வமூட்டும் செய்திதான். ஆனால் சாய நீரை இந்தப் பீப்பாய்க்குக் கொண்டுவர வேண்டாம். அது தனி ஆய்வுக்குரியது.

அமெரிக்காவில் போல் ஸ்டாமெட்ஸ் என்பவர் காளான் படுக்கைகளால் பண்ணைக் கழிவு நீரை வடிகட்டும் முறையைப் பரவலாக அறியச் செய்தார். பின்னர் அந்நாட்டுச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் நிதியுடன் மழை வெள்ள நீரில் சோதித்தபோது, மலக் கலப்பைக் காட்டும் ஈகோலை பற்றீரியாவின் ஒரு பகுதியே குறைந்தது. முழுவதும் அழியவில்லை. ஆய்வுகூடத்தில் கிருமி நீக்கிய நீரில் அழகாக வேலை செய்யும் பங்கசு, உண்மையான அழுக்கு நீரில் பற்றீரியாக்களோடு போட்டியிட்டுத் திணறுகிறது. நமது பீப்பாய் அதைவிடச் சிறப்பாகச் செய்யும் என்று எதிர்பார்க்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. அதனால்தான் இரண்டு பீப்பாய்கள். ஒன்றில் காளான் இழையுடன் கூடிய படுக்கை, மற்றதில் அதே சீவலும் வைக்கோலும், காளான் இல்லாமல். இரண்டிலும் தண்ணீர் ஒரே அளவு தெளிந்தால், வேலை செய்தது வைக்கோலே என்று பிள்ளைகள் எழுத வேண்டும். அப்படி எழுதினாலும் புள்ளி குறையாது.

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். கல்முனைக் கரையோர மண் மணல். மேலே ஊற்றியது விரைவாகக் கீழே போகும். அதிக ஆழமில்லாமலே நன்னீர் கிடைப்பதும், அந்த நன்னீர் எளிதில் கெடுவதும் ஒரே காரணத்தால்தான். 2004 சுனாமிக்குப் பின் உப்பேறிய கிணறுகளை அளவுக்கு மீறி இறைத்தபோது, அடியிலிருந்த உவர்நீர் மேலே ஏறியதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இன்று நமக்குள்ள தொல்லை நெருக்கம். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் 50 அடியாவது வேண்டும் என்று சொல்லப்படுகிறது. 10 பேர்ச் காணி என்பது ஏறத்தாழ 2,700 சதுர அடி. அதில் வீட்டையும் கட்டி, கிணற்றையும் வெட்டி, பக்கத்து வளவுக் குழியிலிருந்தும் 50 அடி விலகுவது எப்படி என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மார்கழி மழையில் நிலத்தடி நீர் உயரும்போது குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் வெறும் ஈரமணல்தான் நிற்கிறது.

இந்த நிலையில் “காளான் பீப்பாய் வைத்துவிட்டோம், இனிக் கிணற்றடியில் ஊற்றினாலும் பரவாயில்லை” என்று ஒரு வீட்டிலாவது நினைத்தால், இச்செயற்றிட்டம் நன்மையைவிடத் தீமையையே செய்ததாகும். பீப்பாயிலிருந்து வடிவது குடிநீர் அன்று. சமையலுக்கும் ஆகாது, பச்சையாக உண்ணும் கீரைக்கும் ஆகாது. மலக்குழியிலிருந்து மணல் வழியாகக் கிணற்றை அடையக்கூடிய நைத்திரேற்று என்ற கரைந்த உப்பை அது நீக்கும் என்று நம்ப முடியாது. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்று எல்லை வகுத்திருப்பது முக்கியமாகக் கைக்குழந்தைகளைக் கருதித்தான். உங்கள் கிணற்றில் சந்தேகம் இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி நீரைப் பரிசோதியுங்கள். காளானிடம் விட்டுவிடாதீர்கள்.

நமது பீப்பாய்களின் வடிநீர் வாழையும் கல்வாழையும் நட்ட பாத்திக்குப் போகிறது. பாடசாலைக் கிணற்றிலிருந்து வளவு இடந்தரும் அளவுக்கு மிகத் தொலைவில்தான் அந்தப் பாத்தியை வெட்டியிருக்கிறோம். அங்கே விளையும் காளானை யாரும் உண்ண மாட்டார்கள். காளான் ஈயம் போன்ற கன உலோகங்களைத் தன்னுள் சேர்த்துவைக்கக்கூடியது. குடை விரியுமுன்பே அதைக் கிள்ளி எறிந்துவிடுவோம், ஏனெனில் விரிந்த சிப்பிக்காளான் உதிர்க்கும் வித்துத்தூள் சிலருடைய நுரையீரலுக்கு ஒவ்வாது. உங்கள் பிள்ளைக்கு ஆஸ்துமா அல்லது மூச்சிழுப்பு இருந்தால், இதை மறைக்காமல் வகுப்பாசிரியருக்கு எழுதி அனுப்புங்கள். அந்தப் பிள்ளை அளவீடுகளைக் குறிக்கும் வேலையைச் செய்யலாம். மற்றவர்கள் கையுறை அணிந்தே படுக்கையைத் தொடுவார்கள். பீப்பாய் வாய்க்கு நுளம்பு வலை கட்டியிருக்கிறோம். டெங்குப் பருவத்தில் திறந்த பீப்பாய் வைத்திருந்த பாடசாலை என்ற பெயர் நமக்கு வேண்டாம்.

குசினியில் உதவும் தாய்மாரிடம் இரண்டு கோரிக்கைகள். சட்டியிலுள்ள எண்ணெயைக் கழுவுமுன் சாம்பலாலோ காகிதத்தாலோ துடைத்துவிடுங்கள். முன்னே ஒரு தொட்டியில் எண்ணெய் மிதந்து தங்குமாறு செய்திருந்தாலும், அதிகமானால் படுக்கை அடைத்துவிடும். அடைத்தால் காற்று புகாது, காற்றில்லாவிட்டால் பங்கசு செத்துப் புளித்த நாற்றம் எடுக்கும். இதே காரணத்தால்தான் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல், சிறிது சிறிதாக விட்டு வடிய இடங்கொடுக்கிறோம். அடுத்தது, குளோரின் தூள் கலந்த நீரை அந்தக் குழாயடியில் ஊற்றாதீர்கள். கிருமியைக் கொல்வது பங்கசையும் கொல்லும்.

மரச்சீவலைப் பங்கசு தின்று தீர்ப்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை படுக்கையை மாற்ற வேண்டியிருக்கும். புதிய வித்து வாங்கும் செலவு தேவையில்லை. காளான் வளர்ப்போர் மகசூல் முடிந்தபின் வீசும் பைகளிலேயே உயிருள்ள இழைகள் நிறைய இருக்கின்றன. அத்தகைய பைகள் உங்கள் வீட்டில் கிடந்தால் அனுப்பிவையுங்கள். வயல் வைத்திருப்போர் ஒரு கட்டு வைக்கோல் தந்தால் போதும்.

இத்துடனுள்ள சம்மதப் படிவத்தில் கையொப்பமிட்டு வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பியுங்கள். சம்மதம் தராத பெற்றோரின் பிள்ளைக்கு வேறு செயற்றிட்டம் வழங்கப்படும். நேரில் பார்க்க விரும்புவோர் பாடசாலை முடிந்தபின் எந்த நாளும் வரலாம்.

இங்ஙனம்,
அதிபர்

பி.கு.: மரக்காலை வைத்திருக்கும் பெற்றோர் சீவல் தர முன்வந்திருப்பதற்கு நன்றி. பூச்சி அரிக்காமலிருக்க மருந்தூட்டிய பலகையின் சீவல் மட்டும் வேண்டாம். அதில் காளான் இழை படராது.