ஒன்பதாவது கேள்வியைத் தமிழில் கேளுங்கள்

தென்னாப்பிரிக்கத் தேசிய சுகாதாரத் துறையின் மாண்புமிகு அமைச்சருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

மனச்சோர்வைக் கண்டறியும் கேள்விகளை முதியோரிடம் கைபேசி வழியே தமிழிலும் கேட்கும் சேவை வேண்டும் என்று கோரி, டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் என்னோடு வசிக்கும் 78 வயதான என் தாயாரின் இசைவுடன் இதை எழுதுகிறேன். உறக்கமும் உணவும் குறைந்து அவர் ஒடுங்கிப்போனபோது, என் மகன் ஒரு மனநலச் செயலியைத் திறந்து, மனச்சோர்வைக் கண்டறிய உதவும் பிஎச்கியூ-9 என்னும் வினாத்தாளைத் தன் ஆயாவுக்கு வாசித்துக் காட்டினான். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்பது ஒன்பதாவது. தனக்குத் தெரிந்த தமிழில் அவன் தடுமாறிக் கேட்க, அம்மா “இல்லை, கண்ணு” என்றார். கவலைப்பட ஏதுமில்லை என்றது செயலி. அன்றிரவு விளக்கை அணைத்த பிறகு அவர் என்னிடம் சொன்னது வேறு. பன்னிரண்டு வயதுப் பேரனிடம் எந்த ஆயா அதைச் சொல்வார்? மறுநாளே மருத்துவரிடம் சென்றோம். இப்போது தேறி வருகிறார்.

கைபேசி வழிச் சேவையின் பயனை நான் மறுக்கவில்லை. 2014 ஆகஸ்டில் உங்கள் துறை தொடங்கிய மாம்கனெக்ட், சாதாரணக் கைபேசி வைத்திருந்த கர்ப்பிணிகளுக்கும் அன்றைய 11 ஆட்சிமொழிகளில் கட்டணமின்றிக் குறுஞ்செய்தி அனுப்பியது. தமிழ் ஆட்சிமொழி அல்ல என்பது உண்மை. ஆயினும் அரசமைப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, மதித்து வளர்க்கப்பட வேண்டிய சமூக மொழிகளுள் தமிழைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலமே போதும். நான் கேட்பது, 1960களில் டர்பன் மாநகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸிலிருந்து இங்கே குடியேற்றப்பட்ட தலைமுறைக்காக. கடையிலும் கிளினிக்கிலும் ஆங்கிலம் பேசிச் சமாளிக்கும் அவர்களில் பலருக்குத் துயரம் இன்றும் தமிழில்தான் வருகிறது.

அவர்களில் பலர் தமிழ் எழுத்து கற்றவர்கள் அல்லர். ஆகவே கேள்விகள் தமிழில் பதிவுசெய்த குரலில் ஒலிக்க, முதியவர் தனியாக இருந்து எண்ணை அழுத்திப் பதில் சொல்லும்படி சேவை அமைய வேண்டும். ஒன்பதாவது கேள்விக்கு 0 தவிர எந்தப் பதில் வந்தாலும், அன்றே ஒரு மனிதர் அவரை அழைத்துப் பேச வேண்டும். 2013-ஆம் ஆண்டின் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலுக்குத் தனிக் காப்பு அளிப்பதால், அவரது இசைவின்றி அந்தப் பதில் குடும்பத்தாருக்கும் தெரியலாகாது.

‘மனச்சோர்வு’ என்ற சொல் என் தாயாருக்குப் புரியவில்லை. ‘மனசு பாரமா இருக்கா?’ என்றதும் கண் கலங்கினார். இத்தகைய சொற்களைத் தேர்ந்து தரவும், கேள்விகளுக்குக் குரல் கொடுக்கவும், எங்கள் தெருவின் மூத்தோருடன் அமர்ந்து சோதித்துப் பார்க்கவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன். உங்கள் அழைப்புக்குக் காத்திருக்கிறேன்.

இவண்,
சாட்ஸ்வொர்த்வாழ் மகள் ஒருத்தி