சளி மாத்திரையும் ஸ்டியரிங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நாமக்கல்லில் லாரிப்பேட்டை அருகே மருந்துக் கடை வைத்திருக்கிறேன். "சளி தாங்கலக்கா, சட்டுனு கேக்குற மாத்திரை குடுங்க, ராத்திரி லோடு இருக்கு" என்று ஓட்டுநர்கள் வந்து நிற்பார்கள். குளோர்பெனிரமின் கலந்த சளி மாத்திரை கண்ணைச் சொக்க வைக்கும். தும்மல், அலர்ஜிக்குக் கொடுக்கும் செட்டிரிசின் மாத்திரைகூடச் சிலரைத் தூக்கத்தில் சாய்த்துவிடும். இருமல் மருந்து சிலதும் அப்படித்தான். மதுவென்றால் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்று சட்டத்தில் அளவு இருக்கிறது, ஊதச் சொல்லிப் பிடித்துவிடலாம். மாத்திரை மயக்கம் அந்தக் கருவியில் சிக்காது. அட்டையில் எச்சரிக்கை இருந்தாலும் கடுகளவு ஆங்கிலத்தில்தான். நாலு மாத்திரை வெட்டிக் கொடுத்தால் அந்த வரியும் கடையிலேயே தங்கிவிடும். ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் ஸ்டியரிங் படம் போட்டு, தமிழில் 'தூக்கம் வரும்' என்று அச்சிட அரசு உத்தரவிட வேண்டும்.

- மருந்தாளுநர் ஒருவர், நாமக்கல்