நம் தெருக்களில் 30 கி.மீ. வேகம்: மனுவுக்கு முன் செய்ய வேண்டியவை

உறுப்பினர்களுக்கு வணக்கம். சென்னைக் குடியிருப்புத் தெருக்களில் எல்லா வாகனங்களுக்கும் 30 கி.மீ. என்ற வரம்பு 2023 நவம்பரிலிருந்தே இருக்கிறது. அதனால் மனுவில் "வரம்பைக் குறையுங்கள்" என்று கேட்க வேண்டாம். போக்குவரத்துக் காவலிடம் வேகப் பலகையும், மாநகராட்சிப் பொறியாளரிடம் வேகத்தடையும் கேளுங்கள்.

முதலில் கணக்கு எடுப்போம். தெருவில் 50 மீட்டர் அளந்து, இரு முனையிலும் சாக்பீஸ் கோடு. வண்டி அதைக் கடக்க 6 விநாடிக்குக் குறைந்தால் 30-ஐத் தாண்டுகிறது, 3.6 விநாடி என்றால் 50. தெருமுனையை ஒட்டி அளக்காதீர்கள், அங்கே எல்லாரும் தானாகவே பிரேக் பிடிப்பார்கள். பள்ளி நேரம், இரவு 9 மணிக்கு மேல் இரண்டும் தேவை. நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டாம்.

நாமே சிமென்ட் மேடு போடுவது கூடவே கூடாது. சாலை அமைப்புக்கான அளவுகளை வகுக்கும் இந்திய சாலைப் பேராயத்தின் (IRC) கணக்குப்படி, மேடு வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம். கைக்கு வந்தபடி போட்ட குறுகிய மேட்டில் பைக் தூக்கியடிக்கும், மழைநீரும் தேங்கும். பெயின்ட் அழிந்தால் இரவில் கண்ணுக்கே தெரியாது. வெள்ளைப் பட்டையையும், 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகையையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.