ஆபரேஷன் தியேட்டர் ஃபில்டர்: சோதனைச் சான்றில் என்ன இருக்க வேண்டும்?

ஆசிரியருக்கு,

குமரி மாவட்டத்தில் நடுத்தர மருத்துவமனைகளின் ஆபரேஷன் தியேட்டர்களிலும் இப்போது ஹெப்பா (காற்றிலுள்ள நுண்துகளைப் பிடிக்கும்) ஃபில்டர் மாட்டுகிறார்கள். மாட்டுவது சரி, ஆண்டுச் சோதனைதான் இடிக்கிறது. அறை நடுவில் துகள் எண்ணும் கருவியை வைத்து எடுத்த சான்று போதாது. ஊசித்துளை வழியே இறங்கும் தூசி அறைக் காற்றில் கலந்து நீர்த்துவிடும். எண்ணிக்கை வரம்புக்குள்ளேயே நிற்கும். அழுத்தமானியும் உதவாது. ஃபில்டர் அடைத்தால் முள் ஏறும். சின்ன ஓட்டைக்கு அது அசைந்துகொடுக்காது.

கசிவைப் பிடிப்பது ஏரோசால் (நுண்புகை) சோதனை. பி.ஏ.ஓ. என்ற செயற்கை எண்ணெயை அழுத்தக் காற்றால் நுண்புகையாக்கி, விசிறிக்கு முன்னால் விட வேண்டும்; விசிறி கலக்கினால்தான் ஃபில்டர் முழுக்க ஒரே அளவாகப் போய்ச் சேரும். (தீ எச்சரிக்கை சென்சாரை முதலில் நிறுத்துங்கள், இல்லையேல் வார்டே எழுந்துவிடும்.) ஃபில்டருக்கு மேல்பக்கம் புகையின் அடர்த்தியை லிட்டருக்கு 20 முதல் 80 மைக்ரோகிராமுக்குள் நிறுத்தி, புகையின் அளவை ஒளியால் அளக்கும் போட்டோமீட்டரில் அதை 100 சதவீதமாக வைத்துக்கொண்டு, ஃபில்டரின் அடியில் சுமார் 3 செ.மீ. தள்ளி அந்தக் கருவியின் உறிஞ்சு முனையை நொடிக்கு 5 செ.மீ. வேகத்தில் நகர்த்த வேண்டும். ஒரு வரிசை முந்தைய வரிசைமேல் கொஞ்சம் ஏற வேண்டும். 0.01 சதவீதத்தைத் தாண்டினால் கசிவு. 3 செ.மீ. முனையால் 60 × 60 செ.மீ. ஃபில்டரை ஓரம் உட்பட முடிக்க 5 நிமிடமாவது ஆகும். ஒரே நிமிடத்தில் கையெழுத்துப் போடுகிறவரிடம் காரணம் கேட்கலாம்.

புது ஃபில்டரில் தாளின் நடுவே ஓட்டை அபூர்வம். சட்ட மூலைகளும் கேஸ்கெட்டும் (இடுக்கை அடைக்கும் பட்டை) தான் சிக்கல். குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று பட்டு ஃபில்டரைத் தாங்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பெட்டியின் விளிம்பு துருப்பிடிக்கும். துருச் செதில் கேஸ்கெட்டைத் தூக்கிவிடும். ஒரே போல்ட்டை முறுக்கினால் எதிர்மூலை திறக்கும். எதிரெதிர் மூலைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். ஓரத்தில் மட்டும் அளவு ஏறினால் ஃபால்ஸ் சீலிங் இடுக்கையும் பாருங்கள்: மேலே கசிந்த புகை அந்த வழியாக இறங்கி முனையில் ஏறியிருக்கலாம். அந்தப் பக்கத்தை அட்டையால் மறைத்து அளந்தால் தெரிந்துவிடும்.

நிர்வாகங்கள் பணி ஆணையிலேயே மேல்பக்க அடர்த்தி, ஒவ்வொரு ஃபில்டரிலும் கண்ட அதிகபட்சக் கசிவு, போட்டோமீட்டரைக் காலிபிரேஷன் செய்த தேதி ஆகியவற்றைக் கேட்டு எழுத வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பதே சரி, அதில் ஒன்று வடகிழக்கு மழை ஓய்ந்த ஜனவரியில்.

– குளிர்சாதனப் பராமரிப்புத் துறை வாசகர்கள்,
தக்கலை.